பத்து மாதப் பையனுக்காகப் பழைய நடைவண்டியைச் சரிசெய்த கதை

பண்ருட்டிப் பக்கம் இருக்கும் மாமியார் வீட்டுப் பரணிலிருந்து இறங்கி இந்த நடைவண்டி கடலூருக்கு வந்து சேர்ந்தபோது, அதன் மூன்று சக்கரமும் மூன்று பக்கம் ஆடிக்கொண்டிருந்தன. கைப்பிடியை லேசாக இழுத்தாலே அதைத் தாங்கி நிற்கும் கட்டை இரண்டும் பின்னால் சாய்ந்தன. ஆணி அடித்த இடமெல்லாம் துரு இறங்கி மரத்தில் கறுப்புக் கறுப்பாகக் கோடு. ஆனால் கட்டை அப்படியே இருந்தது. கரையான் தொடவில்லை, உளுக்கவில்லை, நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தால் நகம்தான் வலித்தது. அப்போதே முடிவு செய்துவிட்டேன், புதிதாக எதுவும் வாங்கப் போவதில்லை, இதையே சரிசெய்வது என்று.

இந்த மரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது எங்கள் மாவட்டத்தில் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. மாமனார் வீட்டுக் கொல்லையில் இருந்த பலாவும் அன்றைக்கு வேரோடு விழுந்தது. பண்ருட்டிப் பலா என்றால் எல்லோருக்கும் பழம்தான் நினைவுக்கு வரும், ஆனால் தஞ்சாவூரில் வீணை செய்கிறவர்கள் தேடி வந்து வாங்குவதும் இந்தப் பக்கத்துப் பலா மரத்தைத்தான். விழுந்த மரத்தை அறுத்து, ஒரு வருஷத்துக்கு மேல் நிழலில் அடுக்கி ஆறவிட்டு, ஊர் ஆசாரியை வைத்து ஒரு மணை, இரண்டு முக்காலி, இந்த நடைவண்டி என்று செய்திருக்கிறார்கள். அதில் முதலில் நடை பழகிய நாத்தனார் பையன் இப்போது எட்டாவது படிக்கிறான்.

எங்கள் வீட்டுச் சின்னவனுக்கு வேலை ஆரம்பித்தபோது பத்து மாதம். பீரோ விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்பான், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இரண்டு அடி வைப்பான், அப்புறம் தொப்பென்று உட்காருவான். நடைவண்டி கொடுக்க இதுதான் சரியான நேரம். தானாக எழுந்து நிற்காத குழந்தையைத் தூக்கி நிறுத்தி வண்டியைப் பிடிக்க வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இடுப்பும் காலும் தயாரானால் அதுவே எழுந்திருக்கும். "பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்பது மாதத்திலேயே நடந்தது, உங்க பையன் இன்னும் நடக்கலையா" என்று யாராவது கேட்டால் கலங்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளின்படி, ஆரோக்கியமான குழந்தைகள் தனியாக நடக்கத் தொடங்கும் காலம் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை நீள்கிறது. பிடித்துக்கொண்டு நடப்பதற்கு 5.9 முதல் 13.7 வரை. எவ்வளவு பெரிய இடைவெளி பாருங்கள். நம் பிள்ளைத்தமிழிலும் குழந்தையை நடந்து வரச்சொல்லி அழைக்கும் வருகைப் பருவம் பதின்மூன்றாம் மாதத்துக்குத்தான் வருகிறது. யாரும் அவசரப்படவில்லை.

வீட்டில் இன்னொரு வண்டியும் வந்திருந்தது. நடுவில் துணி இருக்கை, சுற்றி பிளாஸ்டிக் வளையம், அடியில் எட்டுச் சக்கரம், குழந்தையை உள்ளே உட்காரவைக்கும் வாக்கர். பாசத்தோடு வாங்கித் தந்தார்கள், அதனால் பொறுமையாக உட்கார்ந்து காரணத்தைச் சொன்னேன். அதில் குழந்தை தன் எடையைத் தன் காலில் தாங்குவதில்லை, இருக்கையில் தொங்கிக்கொண்டு நுனிக்காலால் உந்தித் தள்ளுகிறது. தன் பாதத்தையே அதனால் பார்க்க முடியாது. நாம் திரும்புவதற்குள் அறையின் அந்தக் கோடிக்குப் போய்விடும். படியில் உருளுவதும் அடுப்படியில் சூடான பாத்திரத்தை இழுத்துக் கொட்டிக்கொள்வதும் இந்த வாக்கரில்தான் அதிகம் நடக்கின்றன. கனடாவில் 2004இலேயே இதை விற்கக்கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். சீக்கிரம் நடக்க வைக்கவும் இது உதவுவதில்லை. நடைவண்டி அப்படியல்ல. குழந்தை தன் காலில் நின்று, வண்டியைப் பிடித்துத் தள்ளி, தானே அடி எடுத்து வைக்க வேண்டும். களைத்தால் விட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். அது போதும்.

ஆனாலும் நடைவண்டியிலும் இரண்டு ஆபத்து உண்டு. வண்டி குழந்தையைவிட வேகமாக முன்னால் ஓடிவிட்டால் குழந்தை குப்புற விழும். எழுந்து நிற்பதற்காகக் கைப்பிடியைப் பிடித்து இழுக்கும்போது வண்டி பின்னால் சாய்ந்தால் மல்லாக்க விழும், வண்டியும் அதன் மேல் விழும். என் வேலையில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் தடுப்பதில்தான் போனது. பளபளப்பு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் முழுதாகக் கழற்றினேன். அப்பா திருப்பாதிரிப்புலியூரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், அவருடைய ஸ்பேனர் பெட்டி என்னிடம்தான் இருக்கிறது, அதனால் கருவிக்குப் பஞ்சமில்லை. துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்குவதுதான் பெரும்பாடு. கடலோர ஊரில் இரும்பு ஆணி மரத்துக்குள்ளேயே உப்பிப்போய்விடும், தலையைப் பிடித்து இழுத்தால் தலை மட்டும் கையோடு வரும். அப்படி நின்றுபோனவற்றைச் சுற்றி மெல்லிய உளியால் கொஞ்சம் மரத்தை எடுத்து, குறடால் முறுக்கி முறுக்கி வெளியே கொண்டுவந்தேன். ஒரு ஆணியைக்கூட உள்ளே விடவில்லை, நாளைக்குக் குழந்தையின் கையில் கீறப்போவது அதுதான். இனி இந்த வண்டியில் துருப்பிடிக்காத எவர்சில்வர் திருகாணி மட்டும்தான்.

அப்புறம் பெயின்ட். கைப்பிடியிலும் சக்கரங்களிலும் சிவப்பும் பச்சையுமாக எனாமல் அடித்திருந்தார்கள், பொருக்குப் பொருக்காக உரிந்துகொண்டிருந்தது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016இல்தான் வந்தது, நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். இந்த வண்டிக்குப் பெயின்ட் அடித்தது அதற்கு முன்னால். பழைய சிவப்பு, மஞ்சள், பச்சை எனாமல்களில் ஈயம் அதிகமாக இருக்க வாய்ப்பு உண்டு. பல் முளைக்கிற பிள்ளை கைப்பிடியை வாயில் வைத்துக் கடிக்காமல் இருக்கவே இருக்காது. ஈயத்தில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது, குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதனால் கைப்பிடியைச் சுரண்டவே இல்லை, கழற்றி அப்படியே அப்புறப்படுத்திவிட்டேன். சக்கரங்களைப் பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்து மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், முகக்கவசம் போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து ஈரத்தோடு தேய்த்தேன். காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டால் தூள் பறக்கும், அதுதான் ஆபத்து. சுரண்டிய சேறு முழுவதையும் செய்தித்தாளில் வழித்துக் கவரில் கட்டிவிட்டு, தரையை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் அதோடு போட்டாயிற்று.

பெயின்ட் போனதும் அடியிலிருந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது. பலா மரம் அறுக்கும்போது நல்ல மஞ்சளாக இருக்கும், வெயிலும் காற்றும் பட்டுப் பட்டுப் பழுப்பாகிவிடும். ஒரு படலம் தேய்த்து எடுத்தால் மறுபடியும் அதே மஞ்சள். சுத்தமான மரத்துக்கு வந்தபிறகு பெரியவளையும் சேர்த்துக்கொண்டேன். அவளுக்கு ஆறு வயது. கையளவு உப்புத்தாளைக் கட்டையில் சுற்றிக் கொடுத்து, மர ரேகை போகிற பக்கமாகத் தேய்க்கச் சொன்னேன். "அம்மா, தூள் மஞ்சப்பொடி மாதிரியே இருக்கு" என்று உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஆயாவிடம் காட்டப் போனாள்.

சக்கரத்துக்கு வருகிறேன். மூன்றுமே ஒரே பலகையில் வெட்டிய வட்டத் தட்டுகள், நாலரை அங்குலம். மரம் நன்றாக இருக்கிறது, ஆனால் நடுத்துளை தேய்ந்து தேய்ந்து முட்டை வடிவத்துக்குப் போய்விட்டது, அதனால்தான் அந்த ஆட்டம். இதற்குத் துளையில் துணியைச் சுற்றித் திணிப்பார்கள், எம்-சீல் வைத்து அடைப்பார்கள், இரண்டும் கொஞ்ச நாளில் உதிரும். சரியான வழி, துளையை முழுதாக மரத்தாலேயே அடைத்துவிட்டுப் புதிதாக நடுவில் துளை போடுவது. செம்மண்டலத்தில் ஒரு கடைசல் பட்டறையில் மீதமிருந்த பலாத் துண்டைக் கொடுத்து, புதுக் கைப்பிடியும் துளையை அடைக்க உருளைக் குச்சியும் கடைந்து வாங்கினேன். முட்டை வடிவத் துளையை முதலில் பெரிய பிட் போட்டு வட்டமாக்கி, குச்சியைப் பெவிகால் தடவி அடித்து இறக்கி, ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு, நீட்டிக்கொண்டிருந்ததை அறுத்துச் சமப்படுத்தினேன்.

இப்போது நடுவைக் கண்டுபிடிக்க வேண்டும். பழைய துளை போய்விட்டது, அடையாளம் இல்லை. சக்கரத்தைக் காகிதத்தின் மேல் வைத்துச் சுற்றி வரைந்து, அந்த வட்டத்தை வெட்டி எடுத்து, பாதியாக மடித்து மறுபடி பாதியாக மடித்தால் இரண்டு மடிப்பும் வெட்டிக்கொள்கிற இடம்தான் நடு. காகிதத்தைத் திரும்பச் சக்கரத்தின் மேல் ஒட்டி அந்த இடத்தில் ஊசியால் குத்தினால் போதும். இதைப் பெரியவள்தான் செய்தாள். ஓரத்தோடு ஓரம் சரியாகப் படிகிறதா என்று நாக்கைக் கடித்துக்கொண்டு பார்த்துப் பார்த்து மடித்து, விரல் நகத்தால் மடிப்பை இரண்டு தரம் அழுத்தி, பிரித்து, கோடு வெட்டிக்கொள்கிற இடத்தில் பென்சிலால் ஒரு பொட்டு வைத்தாள். துளை நேராக இறங்க வேண்டும் என்பதால் ஸ்டாண்டில் பொருத்திய டிரில்லில் போட்டேன். கையில் பிடித்துப் போட்டால் சாய்ந்துவிடும், சக்கரம் மறுபடி ஆடும்.

அச்சுக்குப் பத்து மில்லிமீட்டர் எவர்சில்வர் கம்பி, இரண்டு முனையிலும் மரை வெட்டி வாங்கினேன். சக்கரத் துளை அதைவிட அரை மில்லிமீட்டர் பெரிது. அச்சு சுழலக்கூடாது, சக்கரம்தான் அதன் மேல் சுழல வேண்டும், அதனால் சட்டத்தின் இரண்டு பக்கமும் நட்டு போட்டு அச்சை இறுக்கிவிட்டேன். அதற்கு வெளியே ஒரு இரும்பு வாஷர், அப்புறம் பழைய சைக்கிள் டியூபில் வட்டமாக வெட்டிய ரப்பர், அப்புறம் சக்கரம், மறுபடி ரப்பர், வாஷர், கடைசியில் உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு. இந்த நட்டு அதிர்வில் தானாகக் கழலாது, வைத்த இடத்திலேயே நிற்கும். இதுதான் வண்டியின் பிரேக். நட்டை இறுக்கினால் ரப்பர் அழுந்திச் சக்கரம் மந்தமாகும், தளர்த்தினால் லேசாகும். கையால் சுண்டிவிட்டால் சக்கரம் அரைச் சுற்றுக்குள் நிற்க வேண்டும், அந்த அளவுக்கு இறுக்கினேன். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மந்தமான பக்கமாகவே வண்டி வளைந்து வளைந்து போய்ச் சுவரில் முட்டும். முன்சக்கரத்துக்கும் இதே மாதிரிதான்.

இன்னொன்று. இந்த வண்டி செய்த காலத்தில் அந்த வீட்டில் சிமெண்ட்டுத் தரை. எங்கள் வீட்டில் வழவழவென்று டைல்ஸ். வெறும் மரச்சக்கரம் டைல்ஸில் உருளாமலேயே வழுக்கிக்கொண்டு போகும், சக்கரம் மந்தமாக இருந்தும் பலனில்லை. சைக்கிள் டியூபை வளையல் வளையலாக வெட்டி, விரித்து, சக்கரத்தின் மேல் மாட்டினேன். டியூப் தானாகவே இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, ஆணி அடிக்க வேண்டியதில்லை. தரையும் கீறாது. முன்பு சக்கரம் சுற்றும்போது கடகடவென்று தட்டும் ஒரு சின்னக் கட்டை இருந்தது, அதை மட்டும் திரும்ப வைக்கவில்லை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைக்கு ஒரு கணக்கு உண்டு, கிட்டத்தட்ட 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக அடங்குகிற எந்தத் துண்டும் கழன்று வரக்கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அந்தக் கட்டை தாராளமாக அடங்கியது. "சத்தம் இல்லாம என்னா நடைவண்டி, புள்ளை எங்க போறான்னு எப்படித் தெரியும்" என்று மாமியார் கேட்டார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, அடுப்படியில் நிற்கும்போது அந்தச் சத்தம்தான் காவல். கடைசியில் பையன் காலில் இருக்கும் கொலுசே போதும் என்று முடிவாயிற்று.

சாயும் பிரச்சினைக்கு வருவோம். நிற்கும் கட்டைகளின் அடிமூக்கு, அதாவது சட்டத்தின் துளைக்குள் இறங்கும் முனை, காய்ந்து சுருங்கித் தளர்ந்துபோயிருந்தது. பழைய பசையைச் சுரண்டிவிட்டு, மூக்கின் நடுவில் ரம்பத்தால் ஒரு கீறல் போட்டு, பசை தடவித் துளைக்குள் இறக்கி, அடிப்பக்கத்திலிருந்து அந்தக் கீறலுக்குள் மெல்லிய பலா ஆப்பை அடித்தேன். மூக்கு விரிந்து துளையைக் கவ்விக்கொள்ளும். இரண்டு பக்கமும் குறுக்காக ஒரு சட்டம் கொடுத்தேன். முன்பு கைப்பிடி பின் அச்சுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது, இப்போது அச்சுக்கு நேர் மேலே வருகிற மாதிரி நிறுத்தினேன். கைப்பிடி அச்சுக்குப் பின்னால் இருந்தால் குழந்தை கீழ்நோக்கி இழுத்தாலே வண்டி தூக்கிக்கொள்ளும். உயரம் தரையிலிருந்து 44 சென்டிமீட்டர், பையன் நின்றால் அவன் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவில் வருகிறது.

அது மட்டும் போதவில்லை. காஸ் சிலிண்டர், மீன் எல்லாம் தூக்கி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று வீட்டில் இருக்கிறது. பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அந்தத் தராசைக் கைப்பிடியில் மாட்டிப் பின்னால் இழுத்துப் பார்த்தேன். ஒன்றரை கிலோ வருவதற்குள்ளேயே முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியது. எட்டரை கிலோ குழந்தை தொங்கினால் எந்த மூலைக்கு? அதனால் முன்சக்கரத்துக்கும் பின் அச்சுக்கும் நடுவே சட்டத்தின் மேல் ஒரு பிளைவுட் பலகை அடித்து, பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் காலை வெட்டி, இரட்டைத் தையல் போட்டு, மூன்று கிலோ எம்-சாண்ட் நிரப்பி, அந்தப் பையைப் பலகையோடு சேர்த்துக் கட்டினேன். எடை எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவு பிடிமானம், பின் அச்சுக்குப் பக்கத்தில் வைத்தால் பலனே இருக்காது. மறுபடி தராசை மாட்டி இழுத்தேன், மூன்று கிலோ காட்டிய பிறகுதான் முன்சக்கரம் அசைந்தது. வண்டி கனமானதால் ஓடும் வேகமும் குறைந்தது, அது கூடுதல் லாபம்.

கடைசியாக எண்ணெய். புதுப் பெயின்ட் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சமையலுக்கான ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் துணியால் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட்டு, வெயில் படும் இடத்தில் வைத்தேன். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், அது காயவே காயாது, பிசுபிசுப்பாக நின்று சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகும், ஆனால் மெதுவாக, ஒவ்வொரு பூச்சுக்கும் நாலைந்து நாள் பொறுக்க வேண்டும், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் இன்னும் இழுக்கும். நான் செய்தது மாசி பங்குனி வெயிலில். பெயின்ட் கடையில் விற்கும் காய்ச்சிய லின்சீட் எண்ணெயில் சீக்கிரம் காய்வதற்கு உலோக உப்புகள் சேர்ப்பார்கள், குழந்தை கடிக்கிற பொருளுக்கு அது வேண்டாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. இறுகும்போது சூடாகித் தானாகத் தீப்பிடிக்கக்கூடியது அது. கொடியில் விரித்துப் போட்டுக் காய்ந்து விறைத்த பிறகு குப்பையில் போடுங்கள்.

வண்டியைக் கூடத்தில் இறக்குவதற்கு முன் வாசற்படிக்கு முழங்கால் உயரப் பலகை ஒன்றைக் குறுக்கே வைத்தோம், குளியலறைக் கதவுக்கு மேலே தாழ்ப்பாள் போட்டோம். பையனுக்குச் செருப்பு, ஷூ எதுவும் கிடையாது, வெறுங்கால்தான், விரலால் தரையைப் பிடித்துத்தான் பழக வேண்டும். முதல் நாள் அவன் கைப்பிடியைப் பிடித்து எழுந்தான், பின்னால் சாய்ந்து இழுத்துப் பார்த்தான், வண்டி சாயவில்லை. அப்புறம் கைப்பிடியைக் கடித்தான். நடந்தது மறுநாள் சாயங்காலம், அவனுடைய அப்பா சிப்காட் ஷிப்ட் முடிந்து வந்து எதிரே உட்கார்ந்து கையைத் தட்டியபோது. ஒரு அடி, ஒரு நிறுத்தம், திரும்பிப் பார்ப்பது, இன்னொரு அடி. சக்கரம் அவனை முந்திக்கொண்டு ஓடவில்லை. அவன் நின்றால் அதுவும் நின்றது. அதைப் பார்க்கத்தான் இவ்வளவு வேலையும், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பதினோராவது மாதம் முடிகிற சமயத்தில் நட்டுகளைக் கால் திருப்பு தளர்த்தினேன், கால் வலுக்க வலுக்க இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே போகலாம். வாரம் ஒருமுறை நட்டு, திருகாணி, மணல் பையின் தையல் மூன்றையும் கையால் தொட்டுப் பார்க்கிறேன். டியூப் வளையம் மட்டும் தேய்கிறது, அது எந்தச் சைக்கிள் கடையிலும் சும்மாவே கிடைக்கும். செலவு என்று பார்த்தால் கடைசல் கூலியும் எவர்சில்வர் கம்பியும்தான், மொத்தம் எண்ணூறு ரூபாய்க்குள் முடிந்தது. இப்போது பையன் சுவரைப் பிடிக்காமல் நாலைந்து அடி வைக்கிறான், நடைவண்டியை அவனுக்கு வேண்டியபோது மட்டும் தேடிப் போகிறான். மற்ற நேரத்தில் அக்கா மணல் பையின் மேல் பொம்மைகளை ஏற்றிக்கொண்டு போகிறாள், அதற்காகப் பலகைக்கு இன்னும் இரண்டு திருகாணி கூடுதலாகப் போட வேண்டியிருக்கிறது.